வினிகர் வாடை வந்தால் தள்ளிப் போடாதீர்கள்

டி.பி.ராஜலட்சுமியைத் தமிழின் முதல் பேசும்பட நாயகி என்று பலருக்கும் தெரியும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. அதற்கு முன்பே 'கோவலன்', 'உஷா சுந்தரி' என்று மௌனப் படங்களில் அவர் நடித்துவிட்டார். அந்த மௌனப் படங்களும் சரி, 'காளிதாஸ்' படமும் சரி, இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகம், விளம்பரத் தாள், சில புகைப்படங்கள் என்று காகிதத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

பழைய படச்சுருள்களைத் துடைத்து, ஒட்டி, டிஜிட்டலுக்கு மாற்றுவதுதான் சிங்கப்பூரில் என் தொழில். அதனால் அவருடைய கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நம் வீடுகளில் இருக்கும் பழைய சுருள்களும் அப்படிப் போய்விடக் கூடாது.

1911-இல் திருவையாற்றில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர, பிழைப்புக்காக அம்மாவோடு திருச்சிக்கு வந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய மேடை அது. அங்கே பாடிப் பாடித் தேர்ந்த குரல் மௌனப் படத்துக்குத் தேவைப்படவில்லை. கண்ணாலும் கையாலும்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பேசும்படம் வந்ததும் நிலைமை தலைகீழானது. பம்பாயில் சுலோச்சனா போன்ற பெரிய மௌனப்பட நட்சத்திரமே நடிப்பை நிறுத்திவைத்து இந்துஸ்தானி கற்க வேண்டியிருந்தது. ராஜலட்சுமிக்கோ மேடைக் குரல் அப்படியே கைகொடுத்தது. 1936-இல் 'மிஸ் கமலா'வை அவரே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான்.

1964-இல் அவர் காலமானார். இந்தியாவின் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அவர் நடித்த காலத்தில் படங்களைச் சேர்த்துவைக்க ஓர் இடம்கூட இல்லை.

அன்றைய 35 மில்லிமீட்டர் படச்சுருள் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் பிளாஸ்டிக்கால் ஆனது. பற்றிக்கொண்டால் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்; தண்ணீரில் முக்கினாலும் அணையாது. பேசும்படம் வந்தபின் மௌனப் படத்தை வாங்கிப் போட ஆளில்லை. சுருளில் இருந்த வெள்ளிக்காக உருக்கியவை போக, மீதி கிடங்குகளில் மக்கியது. தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய முழுதாகக் கிடைப்பது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அது பிழைத்த விதத்தைக் கேளுங்கள். படத்துக்கு மூலமான நாவலைப் பதிப்பித்த கமலாலயா புத்தக நிலையம் உரிமை கேட்டு வழக்குப் போட்டது, படம் முடங்கியது. பிரதி அந்தப் புத்தகக் கடையிலேயே தங்கிவிட்டது. 1974-இல் புனே காப்பகம் அதை மீட்டது. சிங்கப்பூரில் உருவான முதல் கதைப்படம் என்று சொல்லப்படும், 1927-இல் திரையிடப்பட்ட 'சின் கே' என்ற சீன மௌனப் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் சுருள் கிடைக்கவே இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் இருக்கும் சுருள்கள்தான். தாத்தா வாங்கிய 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த பெருமாள் கோயில் கல்யாணம், பழைய சிராங்கூன் ரோடு தீபாவளி, நாடகக் குழு ஒத்திகை. நாடக மேடையில் நின்ற நம் பாட்டிகள் பலருக்கு அசையும் சாட்சி அந்த ஒரே சுருள்தான். வீட்டு கேமராக்களுக்கான 8, 16 மில்லிமீட்டர் சுருள்கள் பொதுவாக நைட்ரேட் இல்லை, அசிடேட் என்ற வேறு வகை பிளாஸ்டிக். தீப்பிடிக்கும் பயம் வேண்டாம். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதையும். நம் ஊரில் ஆண்டு முழுக்க இரண்டுக்கும் குறைவில்லை.

முதல் அறிகுறி வாடை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் போல மூக்கில் ஏறினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். ஒருமுறை பிஸ்கட் டின்னில் வந்த சுருளை மேசையில் வைத்துப் பார்த்தேன். நேராக இருக்க வேண்டிய ஓரம் அப்பளம் பொரிந்தாற்போல் நெளிந்திருந்தது. நாடா சுருங்கி, துளைகளின் இடைவெளி குறைந்துவிட்டிருந்தது. அதை அப்படியே புரொஜெக்டரில் மாட்டினால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும். "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் கொண்டு வரலாம்னு நினைச்சோம்" என்றார் கொண்டுவந்த அக்கா. நல்லவேளை, வீட்டு புரொஜெக்டர் ஓடவில்லை.

அதனால் ஆர்வம் தாங்காமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். வாடை வரும் டப்பாவை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், அமிலம் உள்ளேயே தங்கிவிடும். வீவக அடுக்குமாடி வீட்டில் ஸ்டோர் ரூமையும், பாம் ஷெல்டர் என்ற வீட்டுப் பாதுகாப்பு அறையையும் விட, ஏர்கான் போடும் படுக்கையறை அலமாரியே நல்லது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அழிக்காமல், யார், எங்கே, எந்த ஆண்டு என்று விவரம் தெரிந்த பெரியவர்களிடம் இன்றே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் தெரியாத முகங்களோடு வரும் சுருள்கள்தான் எனக்கு மிகவும் வேதனை தருகின்றன.

டிஜிட்டலுக்கு மாற்றக் கொடுக்கும்போது எந்த வேகத்தில் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். மௌனப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 20 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரை எடுக்கப்பட்டவை. வீட்டு 8 மில்லிமீட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். 24-இல் ஓட்டினால் எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். மௌனப்பட நடிகைகளின் நடிப்பைப் பார்த்து இன்று பலர் சிரிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தவறான வேகம்தான். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மாற்றியாயிற்று என்று மூலச் சுருளைப் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் போய்விடலாம். நல்ல முறையில் வைத்த சுருள் பல பத்தாண்டு நிற்கும். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தையோ, 2005-இல் தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகத்தையோ கேட்டுப் பாருங்கள். எதை ஏற்பது என்பது அவர்கள் முடிவு. கேட்கப் போகும்போது சுருளோடு அந்தப் பெயர்த் தாளையும் எடுத்துப் போங்கள். பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீஸோ இருந்தால் அதையும்.