18% வரி 5% ஆனால் விலை 13% குறையுமா?

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியில் குறைந்ததை முழுதாக நமக்கே கொடுத்தாலும் விலை 13% இறங்காது. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்று வையுங்கள். முன்பு 118 கொடுத்தோம், இப்போது 105. மிச்சம் 13 ரூபாய்தான். ஆனால் அது 118-இல் 13. சதவீதமாகச் சொன்னால் ஏறக்குறைய 11.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள். சதவீதமும் விகிதமும் அந்தப் பாடத்திட்டத்திலேயே இருப்பவை. இவற்றுக்குச் சூத்திரப் பட்டியலை உருப்போடுவதைவிட, ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கணக்கின் ஒவ்வொரு படியிலும் கேட்டுப் பழகுவதே மேல் என்பேன்.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கணக்கு: சர்க்கரை விலை 25% ஏறுகிறது. செலவு கூடாமலிருக்க, வாங்கும் அளவை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? அவசரத்தில் கை 25-க்குத்தான் போகும். விலையை விகிதமாக எழுதிப் பாருங்கள். பழையது 4 என்றால் புதியது 5. விலையையும் அளவையும் பெருக்கினால்தான் செலவு. அது மாறக் கூடாதென்றால் அளவு தலைகீழாக, 5-லிருந்து 4-க்கு வர வேண்டும். ஐந்தில் ஒன்று குறைகிறது. விடை 20%. ஏறியதும் ஒரு பங்கு, இறங்கியதும் ஒரு பங்கு. ஆனால் ஏற்றம் நாலில் ஒன்று, இறக்கம் ஐந்தில் ஒன்று.

அடுத்தடுத்து வரும் மாற்றங்களைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 20% ஏறி 20% இறங்கினால் 1.2 × 0.8 = 0.96, அதாவது 4% குறைவு. இறக்கம் முதலில் வந்தாலும் விடை இதேதான்.

சதவீதமும் விகிதமும் கலந்து வரும் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கல்லூரியில் ஆண், பெண் விகிதம் 3:2. ஆண்கள் 20%, பெண்கள் 30% கூடுகிறார்கள். 300 பேர், 200 பேர் என்று எடுத்துக்கொண்டால் 360, 260 ஆகும். புதிய விகிதம் 18:13. மொத்தம் 500-லிருந்து 620, அதாவது 24% உயர்வு. 20-க்கும் 30-க்கும் நடுவே 25 என்று குறித்துவிடத் தோன்றும். ஆண்கள் அதிகம் என்பதால் விடை 20-இன் பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதில்தான் அழகே இருக்கிறது: 20-லிருந்து 24-க்குத் தூரம் 4, 24-லிருந்து 30-க்கு 6. அதாவது 2:3, தொடக்க விகிதம் அப்படியே தலைகீழாக வந்து நிற்கிறது.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் பயமில்லை. மொத்த உயர்வு 24% என்று சொல்லிவிட்டுப் பழைய விகிதத்தைக் கேட்டால், 30−24 = 6 ஆண்களுக்கு, 24−20 = 4 பெண்களுக்கு. 6:4, சுருக்கினால் 3:2.