சிபிஆருக்குத் தமிழ்: நெஞ்சமுக்கம்

எங்கள் தோட்டத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. சிபிஆர் என்பது இதயத்துடிப்பு நின்றவரின் நெஞ்சை அமுக்கி, மூச்சும் கொடுத்து உயிரைக் காக்கும் முதலுதவி. கையில் தந்த துண்டுப்பிரசுரத்தில் அதற்கு நேரே ‘செயற்கைச் சுவாசம்’ என்று அச்சடித்திருந்தார்கள். எத்தனையாவது தடவையோ! பக்கத்தில் இருந்த கொழுந்தெடுக்கும் அக்கா அதைப் படித்துவிட்டு, “அப்ப வாயில ஊதுனா போதுங்களா?” என்று கேட்டார். அவர்மேல் பிழையில்லை. அந்தச் சொல் அதைத்தானே சொல்கிறது.

சிபிஆரில் முதல் இரண்டு எழுத்தும் இதயம், நுரையீரல். மூன்றாவதான ரிசசிட்டேஷன் லத்தீன் வழி வந்தது. மறுபடி எழுப்புதல் என்று பொருள். சரி, அது போகட்டும்.

நெஞ்சை வெளியிலிருந்து அமுக்கியே இரத்தத்தை ஓடவைக்கலாம் என்று அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960இலேயே எழுதிவிட்டார்கள். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் வரிசையை மாற்றி, அமுக்குவதை முதலில் வைத்தது. 2025 பரிந்துரைகளிலும் பெரியவர்களுக்கு அதுதான் முதல் வேலை: குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. நாம் மட்டும் இன்னும் வாயிலேயே நிற்கிறோம்.

இன்னொரு கூட்டம் ‘இதய நுரையீரல் புத்துயிர்ப்பு’ என்கிறது. இது அதைவிட மோசம். தேயிலைத் தொழிலுக்குப் புத்துயிர், கூட்டுறவுக்குப் புத்துயிர் என்று மேடையில் கேட்டுப் பழகிய சொல் இது. இங்கே புது உயிர் எதுவும் கொடுப்பதில்லை. போகிற உயிரைப் பிடித்து வைக்கிறோம். அதோடு, கையை எங்கே வைப்பது என்று அந்த நீளமான தொடரில் ஓர் எழுத்தாவது சொல்கிறதா? இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் மலையில் மேல் டிவிஷனில் இருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அது ஏறி வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் எல்லாம். அவருக்குப் புரியாத சொல், அகராதிக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ‘இதய மசாஜ்’ என்றும் எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் நம் ஆட்கள் தைலத்தை எடுத்துத் தேய்க்கத்தான் போவார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள். செய்யப்போகிற கையை நினைப்பதில்லை. துடிப்பே நின்றுபோவதையும் இரத்தக்குழாய் அடைபடுவதையும் ஒன்றாக்கி ‘மாரடைப்பு’ என்று எழுதுவதும் இதே பழக்கம்தான்.

நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் குருதி அமுக்கம், வளிமண்டல அமுக்கம் என்று படித்தவர்கள் நாம். ‘நெஞ்சமுக்கம்’ என்றால் பிள்ளைக்கும் புரியும். மூச்சு விடுபட்டுப்போகிறதே என்பார்கள். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் மூச்சு கட்டாயம் வேண்டும்; பயிற்சி பெற்றவர் பெரியவருக்கும் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு கொடுப்பார். அதற்கு ‘மூச்சூதல்’ என்று தனியே பெயர் வைப்போம்: நெஞ்சமுக்கமும் மூச்சூதலும்.