ஓம்புயிர்ச் சார்பு

ஒட்டுண்ணி என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ஒட்டிக்கொண்டு உண்பது. மாட்டின் காதில் இருக்கும் உண்ணியைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவையில்லை. இதே பொருளில் ஐரோப்பிய மொழிகள் வழங்கும் ‘பாரசைட்’ கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘பாரா’ என்றால் பக்கத்தில், ‘சிடோஸ்’ என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று மனிதரைக் குறித்த சொல், பிறகு புழுவுக்கும் பூச்சிக்கும் போனது.

சரி, ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிரை என்னவென்று சொல்வது? தமிழ்நாட்டில் விருந்தோம்பி, ஓம்புயிரி என்கிறார்கள். இலங்கையில் விருந்துவழங்கி. எனக்கு ‘ஓம்புயிர்’ பிடிக்கும். விருந்து என்றால் புதிதாக வந்தவர், வந்தவர் போய்விடுவார். குடற்புழு அப்படிப் போவதில்லை. ஓம்புதல் என்பதோ பேணி வளர்த்தல். புழு வளர்ந்து முட்டையிடும் உடல் எதுவோ, அதுதான் அதை முழுமையாக ஓம்பும் உயிர்.

அடுத்த சிக்கல், ஓர் ஒட்டுண்ணி இன்ன விலங்கில்தான் வாழும் என்ற பண்புக்குப் பெயர். ‘ஓம்புயிர்த் தனித்தன்மை’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அது ஓம்புயிருக்கு ஏதோ தனிச்சிறப்பு இருப்பதாகக் காட்டிவிடுகிறது. இங்கே பேச்சு ஒட்டுண்ணியைப் பற்றியது: அது எதைச் சார்ந்திருக்கிறது, எத்தனை இனங்களைச் சார்ந்திருக்கிறது? அதனால் ‘ஓம்புயிர்ச் சார்பு’ என்பேன். ஒன்றிரண்டு இனங்களோடு நின்றால் குறுகிய சார்பு, பலவற்றில் வாழ்ந்தால் பரந்த சார்பு.

மன்னார் வளைகுடாவில் இதற்கு நல்ல சான்று உண்டு. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவின் குடலில் வாழும் ஒரு தட்டைப்புழுவுக்கு 1954-இல் ‘லங்காட்ரீமா மன்னாரென்ஸ்’ என்று பெயரிட்டார்கள். இலங்கையும் மன்னாரும் பெயரிலேயே இருக்கின்றன! அதன் குடும்பமே கடற்பசுவுக்கும் அதன் உறவான மனாட்டிக்கும் உரியது. மிகக் குறுகிய சார்பு.

அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவின் கதை வேறு. அதன் முட்டை திமிங்கலம், ஓங்கில் (டால்பின்) ஆகியவற்றின் மலத்தோடு கடலில் விழுகிறது. இளம்புழு சிறு இறால் போன்ற உயிர்களுக்குள் போய், அவற்றைத் தின்னும் மீனுக்கும் கணவாய்க்கும் மாறி, கடைசியில் மறுபடி திமிங்கலத்தை அடைகிறது. எத்தனையோ மீன் இனங்களில் இளம்புழு இருக்கும். முதிர்வதோ கடல் பாலூட்டிகளில்தான். அதிலும் ‘அனிசாகிஸ் பைசெட்டெரிஸ்’ என்ற இனம் பெரும்பாலும் ஸ்பெர்ம் திமிங்கலத்தில். பச்சை மீன் தின்ற மனிதருக்கு இளம்புழு கடும் வயிற்றுவலி தரும், ஆனால் அவர் வயிற்றில் முதிராது. ஆகவே எந்தப் பருவத்தின் சார்பு என்று சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

கடல் பாலூட்டிகளில் இந்தச் சார்பை ஆராய்கிறவர்கள் அவற்றின் மலத்தைத் தேடிப் போகிறார்கள். ஏன்? திமிங்கலத்தையோ ஆவுளியாவையோ பிடித்து வயிற்றைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. இறந்து ஒதுங்கும் உடல்களோ அரிது, பெரும்பாலும் அழுகியும் போயிருக்கும். மிதக்கும் மலத்தை வலையால் அள்ளலாம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரைட் திமிங்கலத்தின் மலத்தை மோப்ப நாய்கள் படகிலிருந்தே கண்டுபிடித்திருக்கின்றன. கரையேறிப் படுக்கும் சீல்களின் மலம் பாறையிலேயே கிடைக்கும்.

அந்த மலத்தில் முட்டை இருந்தால், முதிர்ந்த புழு உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெரும்பாலும்தான். சீல் தின்ற மீனின் குடலில் இருந்த புழுமுட்டை, சீலுக்குள் தங்காமலே மலத்தில் வந்து விழலாம். அதைப் பார்த்து சீலை ஓம்புயிர் என்று எழுதினால் தவறு. சீல் அதை ஓம்பவே இல்லை, வழிதான் விட்டது. அப்புறம், நெருங்கிய இனங்களின் முட்டைகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் முட்டையின் டிஎன்ஏ-வையும் படிக்கிறார்கள். மலம் எந்த விலங்குடையது என்பதையும் அதில் இருக்கும் அந்த விலங்கின் டிஎன்ஏ-வைக் கொண்டு உறுதிசெய்த பிறகுதான் சார்பைப் பற்றிப் பேச முடியும்.