குப்பியில் 50, தோலில் எவ்வளவு?

சன்ஸ்கிரீனை ஆய்வகத்தில் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். குப்பியில் அச்சிட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயில் காப்பின் அளவு, அந்தக் கனத்துக்குத்தான் பொருந்தும். வீட்டில் பெரும்பாலோர் பூசுவதோ அதில் கால் பங்கு முதல் பாதி வரைதான். பாதி பூசினால் 50 என்பது 25 ஆகும் என்று எடுத்துக்கொள்வதே தாராளமான கணக்கு; அதைவிடக் கீழே இறங்குவதும் உண்டு. உரிய கனத்தில் பூசினால் தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் எஸ்பிஎஃப் 30 சுமார் 3.3 சதவீதத்தையும், 50 சுமார் 2 சதவீதத்தையும் உள்ளே விடும். வேறுபாடு அவ்வளவே. ஆகவே எந்த எண் என்று யோசிப்பதைவிட, கையில் எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்ப்பது மேல்.

முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் நுனி முதல் அடி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். வளர்ந்தவரின் உடல் முழுவதற்கும் 30 முதல் 35 மில்லிலிட்டர் வேண்டும். ஒரே தடவையில் இவ்வளவும் பிசுபிசுத்தால் இரண்டு மெல்லிய பூச்சாகப் போடலாம்; முதல் பூச்சில் விட்டுப்போன இடங்களும் மூடிக்கொள்ளும். காது, பின்கழுத்து, உதடு, புறங்கை, பாதத்தின் மேற்புறம் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகின்றன.

எஸ்பிஎஃப் சொல்வது தோல் சிவப்பதற்கு எதிரான காப்பை மட்டும். சிவக்க வைப்பது பெரும்பாலும் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள யுவிபி என்னும் புற ஊதாக் கதிர். இது டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. செல் அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சரிசெய்கிறது. அதில் தப்புபவை பிறழ்வுகளாக நின்று, தோல் புற்றுநோய்க்கு வழிவிடுகின்றன. 315 முதல் 400 வரையான யுவிஏ இன்னும் ஆழம் போய், தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யுவிஏவில் பெரும்பகுதியை விட்டுவிடும். அதனால் குப்பியில் இரண்டையும் தடுப்பதைக் குறிக்கும் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்றோ, யுவிஏ காப்பைக் குறிக்கும் பிஏ என்பதற்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறிகளோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கறுத்த தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நல்ல காப்புதான். வெயிலில் பொசுங்குவதும் புற்றுநோயும் வெளுத்த தோலைவிடக் குறைவு. ஆனால் ‘மங்கு’ எனப்படும் கருந்திட்டுகளும் கரும்புள்ளிகளும் நிறமுள்ள தோலில்தான் பிடிவாதமாக நிற்கும். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கிளப்பிவிடும். அந்த ஒளியைச் சாதாரண சன்ஸ்கிரீன் அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயம் கொண்ட வகை தடுக்கும்.

வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசினால் படலம் காய்ந்து நிலைக்கும். வெளியில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வை, துண்டால் துடைப்பது, நீச்சல் எல்லாம் படலத்தைக் கலைத்துவிடும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தாலும் தாங்குவது தண்ணீரில் 40 அல்லது 80 நிமிடம்தான். கொசு விரட்டியும் பூசுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் மற்றது.

இத்தனை கவனம் கேட்கும் பொருளை முதல் அரணாக நம்புவது சரியில்லை. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் 2 மணி நேரத்தில் கலைந்துபோவதில்லை. மெல்லிய வெள்ளைப் பருத்தி மட்டும் ஏமாற்றும், நனைந்தால் இன்னும் அதிகமாக. புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யுவி குறியீடு 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை. எண் கையில் இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள்: உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. குளிர்ந்த காற்றையும் மெல்லிய மேகத்தையும் நம்பாதீர்கள். வெப்பம் குறைந்தாலும் புற ஊதாக் கதிர் குறைந்திருக்காது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் களிம்பு வேண்டாம், நிழலும் துணியும் போதும். டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். அவற்றைச் சாப்பிடும் நாட்களில் வழக்கமான வெயிலே தோலைப் பொசுக்கலாம்.