யூஆர்எல் என்கோடிங்: உரலிக் குறியேற்றம்

'என்கோட்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'கோட்', 'கோடெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அடிமரம், மரக்கட்டை என்பது அதன் பழைய பொருள். மெழுகு பூசிய மரப்பலகையில் எழுதிய காலத்தில் அது ஏட்டுக்குப் பெயரானது. அப்புறம் சட்டத் தொகுப்புக்கு, பிறகு குறிகளுக்கு.

தமிழில் 'என்கோடிங்' என்பதைக் குறியாக்கம் என்று எழுதுகிறோம். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. தகவலைப் பிறர் படிக்காதபடி மறைக்கும் என்கிரிப்ஷனுக்கும் அதே சொல்லைப் புழங்குகிறார்கள். உரலியை, அதாவது இணைய முகவரியை, என்கோட் செய்வது என்றால் அதில் அப்படியே வரக்கூடாத எழுத்துகளை % குறியோடு எண்ணாக மாற்றி எழுதுவது; அதில் எதுவும் மறைவதில்லை. யாரும் திருப்பிப் படித்துவிடலாம். கடவுச்சொல்லை இப்படி அனுப்பிவிட்டு அது பத்திரமாக இருப்பதாக நம்புவது ஆபத்து. அதனால் ரகசியம் காப்பதற்கு மறையாக்கம், இதற்குக் குறியேற்றம் என்று பிரித்துச் சொல்வதே சரி. 'பெர்சென்ட் என்கோடிங்' என்பதை விழுக்காட்டுக் குறியாக்கம் என்று பெயர்ப்பதும் வேண்டாம். இங்கே % விழுக்காட்டைக் குறிப்பதில்லை. அடுத்து வரும் இரண்டு எழுத்துகளைப் பதினறும எண்ணாக (0 முதல் 9, A முதல் F வரை கொண்டு எழுதும் எண்ணாக) படி என்கிறது, அவ்வளவுதான்.

இதன் தேவை எனக்குப் புரிந்தது, சர்வருக்குத் தரவை அனுப்ப உதவும் கர்ல் (curl) கட்டளையில்தான். 'டி' (-d) விருப்பத்தோடு விடை=10&20 என்று அனுப்பினேன். சர்வரில் விடை 10 என்று பதிவானது. படிவத் தரவில் & என்பது புலங்களைப் பிரிக்கும் குறி; அதனால் 20 தனிப் புலமாக ஒதுங்கிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. 'டி' விருப்பம் 'இது குறியேற்றிய படிவம்' என்று தலைப்புவரியில் சொல்லிவிடும், ஆனால் நாம் கொடுத்த தரவில் குறியேற்றம் எதுவும் செய்யாது. அது நம் பொறுப்பு.

அந்த வேலையைச் செய்வது 'டேட்டா-யூஆர்எல்என்கோட்' (--data-urlencode) விருப்பம். 2008-இல் வெளியான கர்ல் 7.18.0 பதிப்பில் வந்தது. அதில் கொடுத்தால் விடை=10%2620 என்று போகும். 2620 என்று சேர்த்துப் படிக்கக் கூடாது: %26 என்பது &, மீதி 20 நம்முடையது. தமிழ் எழுத்துகளுக்கும் இதே கதிதான். எழுத்துகளைக் கணினிக்குள் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல் 15 பைட். குறியேற்றினால் ஒவ்வொரு பைட்டும் % உட்பட மூன்று எழுத்தாகி, மொத்தம் 45 எழுத்துகளாக நீளும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த விருப்பம் முதல் = குறிக்கு வலப்புறம் உள்ளதை மட்டுமே குறியேற்றும். இடப்புறத்துப் புலப்பெயரைத் தமிழில் வைத்தால், அதை முன்கூட்டியே நாமே குறியேற்றித் தர வேண்டும்.