தனித் தட்டு எடுத்து வைக்கும் பெரியவர்களுக்கு

போன மாதம் ஒரு பெண் வந்தார். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். எச்ஐவி கிருமியை அடக்கி வைக்கும் ஏஆர்டி மாத்திரையை மூன்று வருடமாக ஒழுங்காகச் சாப்பிட்டவர், இரண்டு மாதமாக விட்டுவிட்டார். விடாத இருமல், ஆளே பாதியாகிவிட்டார். சளியைச் சோதித்ததில் காசநோய்.

ஏம்மா விட்டீங்க என்று கேட்டேன். "வீட்ல தெரிஞ்சுபோச்சு சார். அன்னிலேருந்து தனித் தட்டு. மாத்திரை டப்பாவ எடுத்தாலே அத்தை மூஞ்சி மாறுது. அதான் எடுக்கிறதில்ல."

நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்தில், ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தத் தட்டுக் கதை கேட்டுக் கேட்டு மனசு புண்ணாகிவிட்டது. நம் செட்டிநாட்டு வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். இவருக்குக் கொடுத்ததில் பெயர் இல்லை. புதிதாக வாங்கிய அலுமினியத் தட்டு. சாப்பிட்டதும் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துவிட வேண்டும், அடுப்படிக்குள் வரக்கூடாது.

பெரியவர்களே, ஒரே தட்டில் சாப்பிட்டால் எச்ஐவி வராது. ஒரே டம்ளரில் காப்பி குடித்தால் வராது. எச்சிலில் வராது, வியர்வையில் வராது. துணியைச் சேர்த்துத் துவைத்தால் வராது, ஒரே ஊருணியில் குளித்தால் வராது, ஒரே கழிப்பறைக்குப் போனால் வராது. கொசு கடித்தும் வராது. பேரப்பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. 1986இல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களே பேரன் பேத்தி எடுக்கப்போகிறார்கள், இன்னும் தட்டிலேயே நிற்கிறோம்.

பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கும் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு. பரவும் வழி இவ்வளவுதான்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. கல்லூரிகளில் எச்ஐவி விழிப்புணர்வுக்குச் செஞ்சுருள் சங்கம் வைத்திருக்கிறோம், டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம் வந்தால் பிள்ளைகளை ஊர்வலம் விடுகிறோம். ஆனால் ஒரு வீட்டில் மாத்திரையைச் சாப்பிட விடுவதும் விடாததும் மாமியார், மாமனார், கொழுந்தனார் கையில் இருக்கிறது. அவர்களிடம் யார் பேசினோம்? அவர்கள் நூறு நாள் வேலையில் இருக்கிறார்கள், மகளிர் குழுவில் இருக்கிறார்கள், கிராம சபையில் இருக்கிறார்கள். பேச்சு அங்கே நடக்க வேண்டும். குழுக் கூட்டத்தில் பேசப் போகும் சக பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை: தவணை வசூல் முடிந்த பிறகு பேசுங்கள். அதற்கு முன்னால் யார் காதிலும் ஏறாது. அப்படிப் பேசிய ஓர் இடத்தில் ஓர் அப்பத்தா, "கொசு ரத்தத்ததானே குடிக்குது, அப்பறம் ஏன் பரவாது?" என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! கொசு ரத்தத்தை உறிஞ்சுமே தவிர, ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்குள் ஏற்றாது. அதன் உடம்பில் இந்தக் கிருமி பெருகவும் முடியாது என்றேன். பக்கத்திலிருந்தவருக்கு அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம்கூடத் துணைக்குப் பரவாது. தாய் சிகிச்சையில் இருந்தால் பிள்ளையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அப்படியானால் நோய் பரவ வழி செய்வது யார்? மாத்திரையை நிறுத்த வைப்பவர்தான்.

ஊரில் யாருக்கு இருக்கிறது என்று துருவாதீர்கள். எப்படி வந்தது என்றும் கேட்காதீர்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டப்படி, ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வேலையை விட்டு நிறுத்துவதும் தப்பு. வெளிநாடு போய் வந்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். வெட்கப்படாமல் வாருங்கள். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு அத்தையை வரச் சொன்னேன். வந்தார். முதலில் அவருடைய சுகர் மாத்திரையைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசினோம். இப்போது இரண்டு பேர் மாத்திரையும் ஒரே அலமாரியில் இருக்கிறதாம். ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தையே குரல் கொடுக்கிறாராம். அலுமினியத் தட்டு மட்டும் இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அதைப் பற்றிப் பேச வேண்டும்.