பொறித் தொலைக்காட்சி

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட அறையில் எங்கள் கருவியை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: “ஏந்தம்பி, டி.வி.ங்கறீங்க, காத்தாடியில்ல சுத்துது? இதுக்கு என்ன பேரு?” “மெக்கானிக்கல் டிவி பாட்டி” என்றேன். அவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்தப் பெயர் மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் பொருள். 1884-இல் பெர்லினில் மாணவராக இருந்த பவுல் நிப்கோ, சுருள் வரிசையில் துளையிட்ட ஒரு வட்டுக்குக் காப்புரிமை கோரினார். வட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் காட்சியின் மேல் ஒரு கோடு இழுத்துப் போகும். பார்க்கும் பக்கத்தில் அதேபோன்ற வட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு மினுக்க, அந்தக் கோடுகள் சேர்ந்து படமாகும். சேலம் அம்மாபேட்டைத் தறியில் ஊடை ஒவ்வொன்றாக ஓடித் துணி ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லோகி பெயர்டு 1926 ஜனவரி 26 அன்று லண்டனில் அறிஞர்கள் முன் இயக்கிக் காட்டியது இந்த வகைதான். பிறகு மின்னணுக் குழாய் (பழைய டிவிப் பெட்டிகளின் படக்குழாய்) வந்தது, வட்டு ஓய்ந்தது. இன்று இதை உயிரோடு வைத்திருப்பவர்கள் வீட்டில் செய்து பார்க்கும் ஆர்வலர்களே. 32 கோடு, நொடிக்கு 12.5 படம் என்பது அவர்களுடைய வழக்கமான அளவு. ஒரு சுற்றுக்கு ஒரு படம் என்பதால், அதற்கு வட்டு நிமிடத்துக்கு 750 சுற்று சுற்ற வேண்டும்.

எங்கள் வட்டின் விட்டம் சுமார் 30 செ.மீ.; படமோ ஓர் அஞ்சல்தலை அளவுதான். துளை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் துளையைச் சுத்தமாகப் போட்டுத் தந்தவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் நண்பர். ஒரு துளை மயிரிழை நகர்ந்தாலும் படத்தில் கறுப்புக் கோடு விழும். முதல் வட்டில் அப்படி மூன்று கோடுகள் விழுந்தன. அவர் பேசாமல் இன்னொரு தகடு எடுத்தார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘டெலிவிஷன்’ என்ற பெயரை 1900-இல் பாரிஸ் மாநாட்டில் வழங்கியவர் ரஷ்யரான கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி. தொலைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் பார்வையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் சேர்ந்தது. நம் ‘தொலைக்காட்சி’ அதற்கு நேர். ‘டெலி’யும் ‘தொலை’யும் ஒரே வேர் என்று சொல்பவர்கள் உண்டு, ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

சிக்கல் ‘மெக்கானிக்கல்’ என்பதில் இருக்கிறது. பலரும் ‘இயந்திரத் தொலைக்காட்சி’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இன்று எல்லா டிவியும் இயந்திரம்தானே? ‘சுழல்வட்டுத் தொலைக்காட்சி’ என்றால் பாட்டிக்கே புரியும். ஆனால் வட்டுக்குப் பதிலாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்த உருளை சுழலும் வகையும் உண்டு. அது வெளியே நின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது ‘பொறி’. மெக்கானிக்கல் என்பதன் கிரேக்க மூலத்துக்கு, சூழ்ச்சியாகச் செய்த அமைப்பு என்று பொருள். நம் எலிப்பொறியும், சீவக சிந்தாமணியில் பறக்கும் மயிற்பொறியும் அதே கருத்துதான். அதோடு நிற்கவில்லை. பொறி என்றால் தீப்பொறி. வட்டுக்குப் பின்னால் மினுக்கும் விளக்கு அது. பொறி என்றால் புள்ளி. படம் அதனால் ஆனது. ஐம்பொறிகளில் கண்ணும் ஒன்று. நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் புள்ளிகளை ஒரு முகமாகச் சேர்த்துப் பார்ப்பது அதுவே. ஒரு சொல்லுக்குள் கருவி, ஒளி, படம், பார்ப்பவர் எல்லாம் இருக்கின்றன. எனவே ‘பொறித் தொலைக்காட்சி’. கோடு கோடாகப் படிப்பதற்கு ‘வருடல்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், துளைத் தகட்டை ‘வருடுவட்டு’ என்கிறோம்.

அடுத்த முறை மலையேறும்போது கருவியின் முன் பலகையில் இந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கப் போகிறோம்.